புள்ளியும் கோடும்: கூட்டத்துல யார் பேசினாங்க, யார் பேசலை?

"பங்கேற்பாளர்கள் அனைவரும் ஏகமனதாகத் தெரிவித்தனர்."

கிராம சுகாதாரம் பத்தித் தொண்டு நிறுவனங்கள் போடுற அறிக்கைகளைப் புரட்டினா, இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணுல படும். எட்டு பேர், பத்து பேரை ஒரு மரத்தடியிலோ சப்-சென்டர் வராண்டாவிலோ உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசியிருப்பாங்க. எஃப்ஜிடி, அதாவது ஃபோகஸ் குரூப் டிஸ்கஷன். நம்ம தமிழ்ல குழு விவாதம். எட்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்களாம். மதியத்துக்கு என்ன குழம்பு வைக்கலாம்னு வீட்டுல கேட்டாக்கூட நாலு பேர்கிட்ட அஞ்சு பதில் வருது. இங்க மட்டும் எப்படி சாமி ஏகமனது? :-)

இந்தப் பதிவு அந்த ஒத்தை வரியோட வரலாறு. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல வந்தது புள்ளி

எங்க செட்டிநாட்டுப் பக்கம் "புள்ளி" அப்படின்னா கோலப்புள்ளி மட்டும் இல்லை. நகரத்தார் கோயில் கணக்குல கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரி போடணும்னா புள்ளிக் கணக்குதான். ஒரு சமூகம் தன்னையே எண்ணிப் பார்க்க வச்சிருக்கிற வழி. யார் முழுசு, யார் அரை என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிடுது, கவனிச்சீங்களா?

அங்கே அமெரிக்காவுல ஒரு டாக்டரும் மனுஷங்களைப் புள்ளியா வச்சார். ஆனா அவர் புள்ளியோட நிறுத்தலை, கோடும் போட்டார். பேரு ஜேக்கப் மொரேனோ. 1932ல் நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் என்கிற ஊர்ல இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியில இருந்து இரண்டே வாரத்துல 14 பெண்கள் ஓடிப்போயிட்டாங்க. ஏன்னு நிர்வாகத்துக்குப் புரியலை. ஒவ்வொருத்தியோட குணம், குடும்பம்னு ஆராய்ஞ்சா ஒரு காரணமும் பொதுவா வரலை.

மொரேனோவும் ஹெலன் ஜென்னிங்ஸும் கேட்ட கேள்வி வேற. "நீ யாரோட ஒரே வீட்டுல தங்க விரும்புறே? யாரோட வேண்டாம்?" பதில்களை வச்சு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வட்டம், விருப்பத்துக்கு ஒரு கோடு, வெறுப்புக்கு வேற நிறத்துல ஒரு கோடுன்னு வரைஞ்சாங்க. யார் யாரோட கோர்த்திருக்கா என்பதுதான் ஓட்டத்தோட ரகசியம்னு மொரேனோ சொன்னார். ஓடிப்போகிற யோசனை ஒரு தலைக்குள்ள உதிச்சதை விட, அந்தக் கோடுகள் வழியாப் பரவினதுதான் முக்கியம். 1933 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ், உணர்ச்சிகளுக்கு ஒரு புது பூகோளம் என்கிற பொருள்ல தலைப்பு போட்டு இதைச் செய்தியாக்குச்சு. இந்தப் படத்துக்குத்தான் சோசியோகிராம்னு பேர். நிறைய கோடு வந்து சேர்ற ஆளுக்கு அவர் வச்ச பெயர் நட்சத்திரம். ஒரு கோடும் வராத ஆள், தனித்தவர்.

பச்சை பட்டன், சிவப்பு பட்டன்

குழு விவாதம் பிறந்தது இன்னொரு இடத்துல. 1941 நவம்பர், கொலம்பியா பல்கலைக்கழகம். பால் லாசர்ஸ்ஃபெல்ட் தன் சக பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டு, அப்படியே ஒரு ரேடியோ ஸ்டூடியோவுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டார். அங்கே கொஞ்சம் பேர் உக்கார்ந்து யுத்தகால நிகழ்ச்சி ஒண்ணைக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. பிடிச்சா பச்சை பட்டன், பிடிக்கலைன்னா சிவப்பு. முடிஞ்சதும் ஒருத்தர் அவங்களைப் பேட்டி எடுத்தார். மெர்ட்டனுக்கு அந்தப் பேட்டி எடுத்த விதம் பிடிக்கலை. பதிலை அவரே வாயில ஊட்டி விடுறாரேன்னு குறை சொல்லியிருக்கார். "சரி, அடுத்த குழுவை நீயே பாரு"ன்னுட்டார் லாசர்ஸ்ஃபெல்ட். குறை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுறது நம்ம ஊர் கோயில் கமிட்டியில மட்டும் இல்லை போல.

1946ல் மெர்ட்டனும் பாட்ரிசியா கெண்டலும் இந்த முறையைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. 1956ல் மார்ஜோரி ஃபிஸ்கேயும் சேர்ந்து புத்தகம் வந்துச்சு. அப்புறம் சோப்பு, சிகரெட், சூப் விக்கிறவங்க இதைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. 1987ல் மெர்ட்டன் திரும்பிப் பார்த்து எழுதினப்போ அவருக்கு ஒரு மனக்குறை. குழுவுல கிடைக்கிறது யோசனைகள், சந்தேகங்கள். அதை எடுத்துக்கிட்டுப் போய் வேற வழியில சோதிக்கணும். குழு சொன்னதையே ஊர் முடிவா அறிவிக்கக்கூடாது. இதான் அவர் சொன்னதோட சாரம்.

ஈரல் சாப்பிட வைத்த கதை

குழுவுக்கும் ஆரோக்கியத்துக்கும் முடிச்சு விழுந்தது அதே யுத்தத்துலதான். நல்ல கறியெல்லாம் ராணுவத்துக்குப் போகுது. மிஞ்சுறது மாட்டோட இதயம், சிறுநீரகம் மாதிரி உள்ளுறுப்புகள். அமெரிக்கக் குடும்பங்கள் தொட மாட்டேங்குது. (இங்க ஈரலுக்கும் சுவரொட்டிக்கும் கறிக்கடையில விடிகாலையிலேயே சொல்லி வைக்கணும், அது வேற விஷயம்.) மார்கரெட் மீட் செயலாளரா இருந்த உணவுப்பழக்கக் கமிட்டிக்காக, அயோவாவுல இருந்த கர்ட் லெவின் ஒரு சோதனை செஞ்சார். செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் ஆறு குழு. மூணு குழுவுக்கு நல்ல சொற்பொழிவு: சத்து, தேசபக்தி, சமையல் குறிப்பு எல்லாம் உண்டு. மூணு குழு தங்களுக்குள்ள பேசி, கடைசியில "யாரெல்லாம் சமைச்சுப் பார்ப்பீங்க?"ன்னு கேட்டப்போ கை தூக்கினாங்க.

சொற்பொழிவு கேட்டவங்கள்ல 3 சதவீதம் பேர்தான் அந்தப் புது அயிட்டத்தைச் சமைச்சாங்க. பேசினவங்கள்ல 32 சதவீதம்.

எங்க கோவிலூர் மடத்துல தமிழ்லயே வேதாந்தம் பாடம் கேக்கிற மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டுல இருந்து வருது. அங்கே பாடமா வைக்கிற கைவல்ய நவநீதத்துல இருக்கிறதே இரண்டு படலம்தான். இரண்டாவதுக்குப் பேரே சந்தேகம் தெளிதற் படலம். சொல்றதுக்கு ஒரு பாதின்னா, சீடன் திருப்பிக் கேக்கிறதுக்கு ஒரு பாதி. சொற்பொழிவு மட்டும் போதாதுன்னு நம்மாளுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

லெவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அதுதான் முக்கியம். 1955ல் எடித் பென்னட் என்பவர் இதைப் பிரிச்சுப் பார்த்தார். பேசினதால மாற்றம் வந்ததா? இல்லை. ஒரு முடிவு எடுக்கிறதும், "மத்தவங்களும் இதைத்தான் செய்யப்போறாங்க" என்கிற நினைப்பும்தான் வேலை செஞ்சிருக்கு. அதாவது ஏகமனது இருக்குன்னு நினைச்சாலே ஏகமனது வந்துடும்.

நல்ல காரியத்துக்கு இது உதவி. உண்மை கண்டுபிடிக்கணும்னா இதுவே விஷம். 1951ல் சாலமன் ஆஷ் செஞ்ச கோடு சோதனை ஞாபகம் இருக்கா? கண்ணுக்கு முன்னாடி இருக்கிற கோட்டு நீளத்தைக்கூட, சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் தப்பாச் சொன்னா, ஏறத்தாழ மூணுல ஒரு பதில் அந்தத் தப்போட சேர்ந்து போகுது. ஆனா குழுவுல ஒரே ஒருத்தர் மாத்திச் சொன்னாப் போதும், மத்தவனுக்கும் வாய் திறந்துடும். அந்த ஒருத்தர் எங்கேன்னு தேடுறதுதான் குழு விவாதத்தோட பாதி வேலை.

நம்ம நாட்டுக்கு வந்த கதை

1963ல் இந்தியாவோட குடும்பக்கட்டுப்பாடு திட்டத்தை மாத்தி அமைச்சாங்க. கிளினிக்குல உக்கார்ந்து காத்திருக்காம ஊருக்குள்ள போகணும். சின்னக் குடும்பத்தைத் தனி ஆள் ஏத்துக்கிட்டாப் போதாது, குழு ஏத்துக்கணும் என்பது அதோட மூணு குறிக்கோள்ல ஒண்ணு. யோசனை நல்ல யோசனை. ஆனா குழு ஏத்துக்கிச்சுன்னு எப்படித் தெரியும்? ஊர்ப் பெரியவர் தலையாட்டினா ஊரே தலையாட்டின மாதிரி எழுதுறதுக்கு அதுல தாராளமா இடம் இருந்துச்சு.

தமிழ்நாட்டுல அடுத்த கட்டம் சோறு. 1970களின் ஆரம்பத்துல சிட்னி கேன்டர் நிறுவனம் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வுன்னு பெரிய வேலை செஞ்சு 1973ல் அறிக்கை கொடுத்துச்சு. வீட்டுல அரிசி இருந்தாலும் கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் அது போய்ச் சேருதான்னு பார்க்கணும் என்பது அந்த ஆய்வு கிளப்பின பெரிய கேள்வி. இதுக்குப் பின்னாடி 1980ல் உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்துச்சு. முதல் வெள்ளோட்டம் எங்கே தெரியுமா? கொட்டாம்பட்டி ஒன்றியம். காரைக்குடியில இருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டினா வர்ற அதே கொட்டாம்பட்டிதான்.

ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டாங்க. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு. எல்லாருக்கும் கிடையாது. யோசிச்சுப் பாருங்க, தெருவுல பத்து தாய்மார் நிக்கிறாங்க. ஒரு குழந்தைக்கு உண்டு, பக்கத்துக் குழந்தைக்கு இல்லை. "எடை போட்டா கண்ணு படும்"னு ஒரு பயம் வேற. இதைச் சமாளிக்க அவங்க ஆள் எடுத்த விதம் புத்திசாலித்தனம்: அதே ஊர்ப் பொண்ணு, ஏழை வீட்டுப் பொண்ணு, ஆனா அவ குழந்தை தெம்பா இருக்கணும். "எங்களுக்கு வசதியில்லை"ன்னு அவகிட்ட யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. கூடவே பெண்கள் குழுக்கள். அந்தத் திட்டத்தோட தலைவிதி எடைத்தராசுல மட்டும் இல்லை, அந்தத் தெருவுல யார் பேச்சை யார் கேக்கிறாங்க என்பதுலயும் இருந்துச்சு.

பேசாத விஷயம் எவ்வளவு பெருசு

இதெல்லாம் எதுக்கு, நாலு பேர் பேசலைன்னா என்ன குடி முழுகிடும்னு கேப்பீங்க. மகாராஷ்டிராவுல கட்சிரோலி போவோம். ராணி பங், அபய் பங் என்கிற டாக்டர் தம்பதி இரண்டு கிராமத்துல 650 பெண்களைப் பரிசோதிச்சு 1989ல் லான்செட் இதழ்ல எழுதினாங்க. 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எப்பவாவது அந்தப் பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்க 8 சதவீதம்தான்.

92க்கும் 8க்கும் நடுவுல இருக்கிறது எல்லாம் பேசாத பேச்சு. அதுவரைக்கும் கிராமத்துப் பெண்ணோட ஆரோக்கியம்னா அரசாங்கக் கணக்குல பிரசவமும் கர்ப்பத்தடையும்தான். "உங்க ஊர்ல இந்தப் பிரச்சினை இருக்கா?"ன்னு கூட்டம் போட்டுக் கேட்டிருந்தா என்ன பதில் வந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க.

நம்ம செங்கல்பட்டு பக்கம் 1981ல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், டி.கே.சுந்தரி ரவீந்திரனோட சேர்ந்து ரூவ்செக் என்கிற அமைப்பை ஆரம்பிச்சாங்க. ஊர்ல சங்கம், அங்கே உடம்பைப் பத்தின பேச்சு, அப்புறம் அதே பெண்களே ஆய்வும் செய்யறது. இதுல கவனிக்க வேண்டியது, கேக்கிறவங்களும் பதில் சொல்றவங்களும் ஒரே தெருக்காரங்க, மறுபடி மறுபடி சந்திக்கிறவங்க. ஒரு மணி நேரக் கூட்டத்துல வராத பேச்சு ஒரு வருஷப் பழக்கத்துல வரும்.

ஆராய்ச்சி உலகத்துல இதைப் போட்டு உடைச்சது ஜென்னி கிட்ஸிங்கர். பிரிட்டன்ல எய்ட்ஸ் பத்தி மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு 52 குழுக்களோட பேசினவர். 1994ல் எழுதின கட்டுரையில அவர் வச்ச குற்றச்சாட்டு: குழு விவாதம் வச்சு எழுதின ஆய்வுகள் எத்தனையோ இருக்கு, ஆனா பங்கேற்பாளர்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டதை யாருமே காட்டலை. ஒவ்வொருத்தர் சொன்னதையும் தனித்தனியாப் பிடுங்கி எடுத்துப் போட்டா அது குழுவே இல்லையே. யார் கேலி பண்ணாங்க, யார் பாதியில நிறுத்தினாங்க, எந்த இடத்துல எல்லாரும் சிரிச்சாங்க என்பதுதான் விஷயமே.

சரி, எப்படி வரையறது?

மொரேனோவோட புள்ளியையும் மெர்ட்டனோட கூட்டத்தையும் சேர்த்தா வர்றதுதான் இது. ஒருத்தர் பேச்சை நடத்தணும், இன்னொருத்தர் ஓரமா உக்கார்ந்து படம் போடணும். உக்கார்ந்த இடப்படி எண் போட்ட வட்டங்கள். ஒருத்தர் பேசினா ஒரு கோடு, யாரைப் பார்த்துப் பேசினாரோ அவரை நோக்கி அம்பு. பொதுவாப் பேசினா அம்பு நடுவுக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல வாய் திறந்தது யார்னு ஒரு குறி. கருத்தை மாத்திக்கிட்டா ஒரு குறி, யாரோட பேச்சுக்கு அப்புறம் மாத்திக்கிட்டாங்க என்பதோட.

ஒரு கற்பனைக் கூட்டம் சொல்றேன். எங்க பக்கத்துக் கிராமம் ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. மகளிர் குழுப் பெண்கள் எட்டு பேர். கேள்வி: வெள்ளைப்படுதல் இருந்தா யார்கிட்ட காட்டுவீங்க?

மூணாம் நம்பர் அப்பத்தா முதல்ல சொல்லுது: "அதெல்லாம் சூடு தாயி. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிச்சா சரியாப்போகும். இங்க யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்லை." இரண்டு, நாலு, அஞ்சு தலையாட்டுறாங்க. எட்டாம் நம்பர், "ஆமாக்கா". அறிக்கையில வரப்போற வரி: கைவைத்தியமே போதும் என்று அனைவரும் கருதுகின்றனர்.

இப்ப படத்தைப் பாருங்க. அம்பு பூராவும் மூணுக்குப் போய் மூணுல இருந்து திரும்புது. அந்த அப்பத்தாதான் குழுவோட பொருளாளர், கடன் கேட்டா அவங்க கையெழுத்து வேணும். ஆறாம் நம்பர் நாப்பது நிமிஷமா ஒரு வார்த்தை பேசலை. அவ மூணாம் நம்பரோட மருமக. ஏழும் எட்டும் இரண்டு தடவை குசுகுசுன்னாங்க, இரண்டு தடவையும் அப்பத்தா பேசி முடிச்ச உடனே. கூட்டம் கலைஞ்சதும் ஆறாம் நம்பர் குடத்தோட குழாயடிக்குப் போற சாக்குல நர்சம்மாகிட்ட நின்னு ஏதோ கேக்குறா.

அதே எட்டு பேர், அதே ஒரு மணி நேரம். படம் இல்லைன்னா "பிரச்சினை இல்லை". படம் இருந்தா "மாமியாரையும் மருமகளையும் சேர்த்து உக்கார வச்சிருக்கோம், இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரலை". முதல் அறிக்கையை நம்பினா அந்த ஊருக்கு லேடி டாக்டர் வர்ற நாளைக் குறைச்சுடுவாங்க. நஷ்டம் யாருக்கு? ஒரு கோடு கூட இல்லாத அந்த ஆறாம் நம்பருக்கு.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. திண்ணையும் முகப்பும் ஆம்பளைங்க பேச்சுக்கு. உள்ளே வளவு, அதுக்கும் பின்னாடி இரண்டாங்கட்டு, மூணாங்கட்டு. எந்தப் பேச்சு எந்தக் கட்டுலன்னு வீடு கட்டும்போதே முடிவாயிடுது. முகப்புல உக்கார்ந்துக்கிட்டு மூணாங்கட்டு விஷயத்தைக் கேட்டா முகப்புப் பதில்தான் வரும்.

ஊரையே வரைஞ்சவங்க

இப்போ ஒரு கூட்டத்தை மட்டும் இல்லாம ஊர் முழுசையும் புள்ளி, கோடுன்னு வரையறாங்க. எலினார் பவர் என்கிற மானிடவியலாளர் தமிழ்நாட்டுல இரண்டு கிராமத்துல தங்கி, உதவின்னா யார்கிட்ட போவீங்கன்னு ஆள் ஆளாக் கேட்டு வரைஞ்சார். 2017ல் வந்த அவர் கட்டுரைப்படி, கோயிலுக்குத் தவறாம வர்றவங்க, தீமிதி, அலகு குத்துறதுன்னு ஊரறிய நேர்த்திக்கடன் செய்யறவங்களுக்கு உதவிக்கோடுகள் அதிகம். நம்பிக்கையான ஆள்னு ஊர் கணக்கு வச்சுக்குது.

கர்நாடகாவுல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழு 213 கிராமத்துல ஒரு சேதியைப் பரப்பிப் பார்த்து 2019ல் எழுதினாங்க. "சேதி பரப்பணும்னா யார்கிட்ட சொல்லலாம்?"னு ஊர்க்காரங்களையே கேட்டு, அவங்க கைகாட்டின ஆள்கிட்ட சொன்னா அது ஊர்ப் பெரியவர்கிட்ட சொன்னதை விட நல்லாப் பரவுச்சு. 1963ல் இருந்து பெரியவர் தலையாட்டலையே நம்பி ஓட்டினவங்களுக்கு இது லேட்டா வந்த பதில்.

என் கட்சி இதுதான். குழு விவாதம் வேண்டாம்னு சொல்லலை. தனியாக் கேட்டா வராத விஷயம் நாலு பேர் கூடினா வரும், அதுவும் உண்மை. ஆனா யார் சொன்னாங்க, யாருக்கு முன்னாடி சொன்னாங்க, யார் சொல்லலை என்கிற படம் கூட வராத அறிக்கை பாதி அறிக்கை. பேசாதவரை ஒத்துக்கிட்டவர் கணக்குல சேர்த்தா, கோயில்ல அரைப்புள்ளிக்காவது இடம் இருக்கு, இங்கே அதுவும் இல்லை.

நம்மள்ல சில பேர் தொண்டு நிறுவனத்துலயும் ஆஸ்பத்திரியிலயும் இந்த எஃப்ஜிடி வேலை பார்க்கிறீங்கன்னு தெரியும். அடுத்த கூட்டத்துக்குப் போறப்போ நோட்டுல ஒரு பக்கத்தைக் காலியா விட்டு, வட்டம் போட்டு நம்பர் எழுதி வச்சுக்கோங்க. திரும்பி வந்து அந்த ஆறாம் நம்பர் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர், ஊர் வேண்டாம், நம்பர் போதும்.